ஒரு வேதப்பகுதியை நிதானமாக வாசிப்பது எப்படி? மாற்கு 5:21–43-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் அத்தை நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில், பார்க்க வந்த ஒருவர் கட்டில் ஓரத்தில் நின்று ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்: "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது." ஆறுதலாகச் சொன்னதுதான். அவர் போனபின் அத்தை மெதுவாகக் கேட்டார், "அப்போ எனக்கு விசுவாசம் பத்தலையாப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வசனம் எங்கே வருகிறது, யாரிடம் சொல்லப்பட்டது, அடுத்த வரி என்ன என்று அதுவரை நான் கவனித்ததே இல்லை. ஞாயிறுதோறும் கேட்ட வசனம், வீட்டுச் சுவரில் காலண்டரில் தொங்கிய வசனம், ஆனால் ஒருமுறைகூட அதன் இடத்தில் வைத்து வாசிக்காத வசனம்.

அதன்பிறகு பல நாள் அந்தப் பகுதியோடு உட்கார்ந்தேன். வேதாகமத்தை எப்படி வாசிப்பது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த முறையை அதே பகுதியை வைத்துச் சொல்கிறேன். மாற்கு நற்செய்தியின் 5-ம் அதிகாரம், 21 முதல் 43 வரையுள்ள வசனங்கள் (மாற்கு 5:21–43) அது. சாகக்கிடக்கும் மகளுக்காக யவீரு என்ற தகப்பன் இயேசுவை அழைத்துப்போகிறான்; வழியில் பன்னிரண்டு வருடம் நோயில் இருந்த ஒரு பெண் அவர் உடையைத் தொட்டுக் குணமாகிறாள்; அதற்குள் மகள் இறந்துபோக, இயேசு அவளை எழுப்புகிறார். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இந்த முறையில் வாசிக்கலாம். பொறுமைதான் வேண்டும்.

என்னென்ன வேண்டும்

ஒரு நோட்டு, பென்சில், இரண்டு மொழிபெயர்ப்புகள். நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் ஒன்று (1871-ல் வெளிவந்தது, ஹென்றி பவர் பெயரால் அறியப்படுவது). 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் இன்னொன்று. விளக்கவுரை நூல்களையும் யூடியூப் பிரசங்கங்களையும் முதல் மூன்று நாள் தள்ளி வையுங்கள். அவை கெட்டவை என்பதால் சொல்லவில்லை. இன்னொருவர் கண்டதை முதலில் கேட்டுவிட்டால், நம் கண் அதை மட்டும்தான் தேடும். ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதீர்கள். தினம் அரைமணி வீதம் ஒரு வாரம் போதும்.

படி 1: பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

அதிகாரமும் வசன எண்ணும் மூலத்தில் கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் செய்ததாகக் கருதப்படுபவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. தேடி எடுக்க அவை உதவும். ஆனால் ஒவ்வொரு வசனமும் தனித்தனி முத்து என்ற எண்ணத்தையும் அவையே நமக்குள் விதைத்துவிட்டன.

அதனால் எண்களை மறந்துவிட்டு, இடமும் ஆட்களும் எங்கே மாறுகிறார்கள் என்று பாருங்கள். 21-ம் வசனத்தில் இயேசு படவில் ஏறி இக்கரைக்கு வருகிறார். 6:1-ல் அங்கிருந்து புறப்படுகிறார். இடையில் இருப்பது ஒரே பகுதி.

அப்புறம் முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் வாசித்துவிடுங்கள். 4:40-ல், புயல் அடங்கியபின், சீஷர்களிடம் ஏன் பயம், ஏன் விசுவாசம் இல்லை என்று இயேசு கேட்கிறார். 5-ம் அதிகாரத்தின் முதல் பாதியில் கல்லறைகளில் திரிந்த மனிதன் குணமாகிறான், ஊர்க்காரர்கள் பயந்து இயேசுவைப் போய்விடச் சொல்கிறார்கள். 6:6-ல் சொந்த ஊராரின் அவிசுவாசத்தைக் கண்டு அவர் ஆச்சரியப்படுகிறார். பயம், விசுவாசம் என்ற இரண்டு சொற்களும் இந்தப் பகுதியைச் சுற்றிலும் நிற்கின்றன. இதை நோட்டின் ஓரத்தில் குறித்துவையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: வாய்விட்டு வாசியுங்கள், கையால் எழுதுங்கள்

மாற்கு எழுதிய காலத்தில் பெரும்பாலோர் இதைக் காதால்தான் கேட்டார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். நீங்களும் சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே குரல் தாழ்கிறது என்று பாருங்கள்.

பிறகு முழுப் பகுதியையும் வசன எண் இல்லாமல் நோட்டில் எழுதுங்கள். 23 வசனம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. எழுதும்போது கண் தாண்டிப்போன சொற்களைக் கை பிடித்துக்கொள்ளும். "அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி சொன்னார்" என்ற கடைசி வரியை நான் எழுதியபோதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அதற்கு முன் நூறு முறை கேட்டிருப்பேன்.

படி 3: வினைச்சொற்களின் கீழே கோடு போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தமிழில் வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வசதியும் உண்டு.

25 முதல் 28 வரை பழைய திருப்புதலில் பாருங்கள். அந்தப் பெண் அநேக வைத்தியர்களால் "வருத்தப்பட்டு", எல்லாவற்றையும் "செலவழித்தும்", "குணமடையாமல்", இயேசுவைக்குறித்துக் "கேள்விப்பட்டு", தொட்டால் சொஸ்தமாவேன் என்று "சொல்லி", பின்னாக "வந்து"... இவை எல்லாமே எச்சங்கள். நான்கு வசனம் ஓடியும் வாக்கியம் முடியவில்லை. கடைசியில் ஒரே ஒரு முற்று வருகிறது: "தொட்டாள்."

கிரேக்க மூலமும் இதே போக்கில்தான் இருக்கிறது. எச்சம்போன்ற வினைகளை அடுக்கிக்கொண்டே போய், 'தொட்டாள்' என்பதில் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகுதான் அவள் மனதில் நினைத்ததைச் சொல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அவள் நினைத்ததை முன்னே கொண்டுவந்து, 'தொட்டாள்' என்பதை வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக ஆக்கியிருக்கிறார்கள். தமிழ் இலக்கணத்துக்காகச் செய்ததாக இருக்கலாம், ஆனால் விளைவு அருமை. பன்னிரண்டு வருட வேதனையும் எச்சங்களாகவே இழுத்துக்கொண்டு வந்து, ஒரு தொடுதலில் முற்றுப்பெறுகிறது. பள்ளியில் வினையெச்சம் படித்த எவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, 24-லும் 31-லும் கூட்டம் அவரை "நெருக்குகிறது". அவள் மட்டும் "தொடுகிறாள்". சீஷர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, இத்தனை பேர் நெருக்கும்போது யார் தொட்டது என்று கேட்கிறீரே என்கிறார்கள். இயேசு இரண்டையும் வேறாகவே எடுத்துக்கொள்கிறார்.

படி 4: யார் யார், எங்கே நிற்கிறார்கள்?

ஒரு பக்கத்தில் யவீரு, எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெண் என்று எழுதி, பகுதி சொல்வதை மட்டும் கீழே நிரப்புங்கள்.

யவீருவுக்குப் பெயர் இருக்கிறது, ஜெபஆலயத்தலைவன் (யூதர்களின் வழிபாட்டுக் கூடத்துக்குத் தலைவன்) என்ற பதவி இருக்கிறது, வீடும் ஆட்களும் இருக்கிறார்கள். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வந்து பாதத்தில் விழுகிறான். பெண்ணுக்குப் பெயர் இல்லை, கைப்பணமும் தீர்ந்துவிட்டது, "பின்னாக வந்து" தொடுகிறாள். யவீருவின் மகளுக்காகப் பேச ஒரு தகப்பன் இருக்கிறான். இவளுக்காகப் பேச யாரும் வரவில்லை. ஆனால் 33-ல் அவள் "முன்பாக வந்து விழுந்து" உண்மையைச் சொல்கிறாள். பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டாள். யவீரு விழுந்த அதே பாதத்தருகே அவளும் விழுகிறாள்.

இடத்தையும் கவனியுங்கள். அவள் குணமானது யாருக்கும் தெரியாமல், ஆனால் அதை எல்லோர் முன்னும் சொல்லவேண்டி வந்தது. யவீரு எல்லோர் முன்னும் வேண்டினான், ஆனால் அவன் மகள் எழுந்தது மூடிய அறையில், தாய் தகப்பனும் மூன்று சீஷர்களும் மட்டும் இருக்க. அதோடு, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளை வேறு. அக்கரையில் குணமானவனிடம் போய்ச் சொல் என்றவர் (5:19) இக்கரையில் சொல்லாதே என்கிறார். ஏன்? எனக்குச் சட்டென்று பதில் இல்லை. பதில் வராத கேள்வியை அழிக்காமல் நோட்டில் அப்படியே விடப் பழகுங்கள்.

30-க்கும் 32-க்கும் நடுவே ஒரு சின்ன விஷயம் உண்டு. முதலில் "தொட்டது யார்" என்று பொதுவாகக் கேட்கிறார். பிறகு "இதைச் செய்தவளைக் காணும்படிக்கு" பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். மூலத்திலும் அது பெண்பால்தான். அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா, அல்லது கதை சொல்பவர் தம் அறிவில் எழுதினாரா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

படி 5: திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தேடி, மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள்

இந்தப் படிக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் தமிழ்ச் சொல்லே நம்மை ஏமாற்றும் இடங்கள். "பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ" என்பதை, மிகவும் பாடுபட்ட பெண் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாடு என்பது பெண்களுக்கு அளவுமீறிய உதிரப்போக்கைக் குறிக்கும் பழைய வைத்தியச் சொல். அது தெரியாவிட்டால் 29-ல் "உதிரத்தின் ஊறல்" திடீரென்று எங்கிருந்து வந்தது என்று புரியாது. பழைய திருப்புதலில் தெரிந்ததுபோல் இருக்கும் சொற்களைத்தான் அகராதியில் பார்க்கவேண்டும். தெரியாத சொல்லை எப்படியும் பார்த்துவிடுவோம்.

அடுத்து, மூலத்தில் ஒன்றாக இருக்கும் சொல் மொழிபெயர்ப்பில் பிரிந்துபோகும் இடங்கள். கிரேக்கச் சொல்லுக்கு அடியிலேயே பொருள் போட்டிருக்கும் இன்டர்லீனியர் வேதாகமம் மொபைலில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துத் தெரியாவிட்டாலும், ஒரே சொல் திரும்ப வருகிறதா என்று பார்க்க அது போதும்.

23-ல் யவீரு, மகள் "ஆரோக்கியமடையும்படிக்கு" வாரும் என்கிறான். 27-ல் அந்தப் பெண் "சொஸ்தமாவேன்" என்கிறாள். 34-ல் இயேசு "இரட்சித்தது" என்கிறார். தமிழில் மூன்று சொற்கள். கிரேக்கத்தில் மூன்றும் ஒரே வினை: 'சோஸோ'. உயிரைக் காப்பாற்றுவது, நோயிலிருந்து மீட்பது, இரட்சிப்பது என்று எல்லாமே அதில் அடங்கும். யவீரு கேட்டதும், அவள் விரும்பியதும், இயேசு கொடுத்ததும் ஒரே சொல்லால் கட்டப்பட்டிருக்கின்றன. சபைத் தமிழில் 'இரட்சிப்பு' என்றவுடன் ஆத்துமா மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. திருவிவிலியம் அதே இடத்தில் "குணமாக்கிற்று" என்று போடுகிறது, அங்கே உடல் மட்டும் நினைவுக்கு வரும். இரண்டு மொழிபெயர்ப்பும் சேர்ந்தால்தான் மூலச் சொல்லின் முழு அகலம் கைக்குக் கிடைக்கிறது.

இதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு சொல். 34-ல் "மகளே, உன் விசுவாசம்..." என்று இயேசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, 35-ல் ஆட்கள் வந்து யவீருவிடம் "உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்" என்கிறார்கள். மகள், குமாரத்தி என்று பழைய திருப்புதல் பிரித்துவிட்டது. மூலத்தில் இரண்டும் ஒரே சொல். திருவிவிலியத்தில் இரண்டிலும் 'மகள்' என்றே வருவதால் அது காதில் விழுகிறது. ஒரு மகள் பிழைத்தாள் என்ற வார்த்தை வாயில் இருக்கும்போதே, இன்னொரு மகள் இறந்தாள் என்ற வார்த்தை வந்து விழுகிறது. யாரும் மகள் என்று கூப்பிடாத ஒருத்தியை அவர் கூப்பிட்ட நேரத்தில், ஒரு தகப்பன் தன் மகளை இழக்கிறான். இதைக் கண்ட அன்று என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

மாற்கு முழுவதிலும் இயேசு வேறு யாரையும் 'மகளே' என்று அழைப்பதில்லை. கன்கார்டன்ஸ் (ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகரவரிசை நூல்) இருந்தால் நீங்களே சரிபார்த்துவிடலாம். 2:5-ல் திமிர்வாதக்காரனை 'மகனே' என்று அழைப்பதும் அப்போது கண்ணில் படும்.

படி 1-ல் குறித்த பயமும் விசுவாசமும் நினைவிருக்கிறதா? 33-ல் அவள் பயந்து நடுங்குகிறாள், 34-ல் "உன் விசுவாசம்". 36-ல் யவீருவுக்கு "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு". திருவிவிலியம் "நம்பிக்கையை மட்டும் விடாதீர்" என்கிறது. மூலத்தில் 'மட்டும்' என்ற சொல் இருக்கிறது, வினையும் தொடர்ந்து செய்யச் சொல்லும் வடிவத்தில் இருக்கிறது. விடாமல் பிடித்துக்கொள் என்ற தொனி இரண்டாவதில்தான் வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பழைய திருப்புதலில் யவீரு 'அவன்', திருவிவிலியத்தில் 'அவர்'. கிரேக்கத்தில் இந்த மரியாதை வேறுபாடே கிடையாது. 'அவன்' என்று இருப்பதால் மாற்கு அவனைத் தாழ்வாக நினைத்தார் என்று யாராவது சொன்னால், அது தமிழிலிருந்து வந்தது, மாற்குவிடமிருந்து வந்தது இல்லை.

படி 6: எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

ஒரு கதை தொடங்குகிறது, நடுவில் இன்னொரு கதை புகுகிறது, பிறகு முதல் கதை முடிகிறது. மாற்கு இப்படி அடிக்கடி செய்வார். அத்திமரக் கதைக்கு நடுவே தேவாலயத்தில் நடந்தது (11:12–21), சீஷர்களை அனுப்பியதற்கும் அவர்கள் திரும்பியதற்கும் நடுவே யோவான்ஸ்நானனின் மரணம் (6:7–30). இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதற்கான அடையாளம் அது.

இங்கே இரண்டையும் தைக்கும் நூல் பன்னிரண்டு. அவள் நோய்க்குப் பன்னிரண்டு வருடம், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் சிறுமியின் வயதை மாற்கு 42-ல்தான், எல்லாம் முடிந்தபின் சொல்கிறார். கேட்டவுடன் மனம் பின்னோக்கிப் போகிறது. இந்தக் குழந்தை பிறந்த வருடத்தில்தான் அவள் நோயும் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு கோத்திரங்களைக் குறிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் பகுதி அப்படிச் சொல்லவில்லை. நான் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

வேகத்தையும் பாருங்கள். 'உடனே' என்பது மாற்குவுக்குப் பிரியமான சொல். அந்த அவசரத்தின் நடுவே, சாகக்கிடக்கும் குழந்தையின் வீட்டுக்குப் போகும் வழியில், இயேசு நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார். யவீரு பக்கத்தில் நிற்கிறான். அவன் முகத்தைப் பற்றி மாற்கு ஒரு சொல்லும் எழுதவில்லை.

படி 7: பின்னணியைத் தேடுங்கள், அளவோடு

லேவியராகமம் 15:25–27 நீடித்த உதிரப்போக்கைப் பற்றியும், எண்ணாகமம் 19:11 பிணத்தைத் தொடுவதைப் பற்றியும் சொல்கின்றன. இரண்டும் தீட்டு. இந்தப் பகுதியில் உதிரப்போக்குள்ளவள் இயேசுவைத் தொடுகிறாள், இயேசு இறந்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார். இது கவனிக்கவேண்டிய பின்னணிதான்.

ஆனால் 'தீட்டு' என்ற சொல் நம் வீடுகளில் சுமந்துவரும் பாரம் வேறு. அந்த மூன்று நாள் ஒதுக்கிவைப்பதும், சாதியின் பெயரால் மனிதரை ஒதுக்குவதும் சேர்ந்து அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லேவியராகமத்தைத் திறந்தால், அதே 15-ம் அதிகாரத்தின் முதல் பாதி ஆண்களின் தீட்டைப் பற்றியது. பிள்ளை பெறுவதும் தீட்டு, பெற்றோரை அடக்கம்பண்ணுவதும் தீட்டு. பாவம் என்று அர்த்தமில்லை. யூதச் சட்டம் கொடியது, இயேசு அதை உடைத்தார் என்று சுலபமாகப் பேசிவிடுகிறோம். இந்தப் பகுதியில் மாற்கு தீட்டு என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. பின்னணியாக வைத்துக்கொள்ளலாம், மையமாக்கக் கூடாது.

படி 8: மத்தேயுவும் லூக்காவும்

மத்தேயு 9:18–26, லூக்கா 8:40–56. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை மட்டும் எழுதுங்கள், ஒன்றாக்க முயலாதீர்கள். மத்தேயுவில் தலைவன் வரும்போதே மகள் இறந்துவிட்டாள், அதனால் தாமதத்தின் வேதனை அங்கே இல்லை. லூக்கா அவள் ஒரே மகள் என்பதையும் வயதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். வைத்தியர்களால் அவள் மிகவும் வருத்தப்பட்டாள் என்பது மாற்குவில் மட்டும் இருக்கிறது. இப்படிப் பார்த்தபின் வைத்தியர்களால் பட்ட வருத்தமும், கடைசியில் வரும் வயதும் மாற்குவின் தனிக் கைவேலை என்று தெளிவாகும்.

படி 9: இப்போதுதான், எனக்கு என்ன?

நம்மில் பலர் இந்தப் படியில்தான் தொடங்குகிறோம். வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (அந்த வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய அட்டை) எடுக்கிறோம், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 வந்தால் சந்தோஷப்படுகிறோம். அதற்கு முந்தைய வசனம் எழுபது வருடம் பாபிலோனில் காத்திருக்கச் சொல்கிறது. அட்டையை எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்த அன்று மாலையே அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துவிடுங்கள்.

அத்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்பது குணமாவதற்கு முன் வைத்த நிபந்தனை இல்லை. 29-லேயே அவள் குணமாகிவிட்டாள். பயந்து நடுங்கி விழுந்து கிடந்தவளுக்கு அதற்குப் பிறகு சொன்ன வார்த்தை அது, முதல் சொல் "மகளே". அதே பகுதியில் உயிர்பெற்ற சிறுமியின் விசுவாசத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை, அவள் இறந்து கிடந்தாள். அவள் தகப்பனுக்கு விடாதே என்று சொல்லப்பட்டது. அவன் விடாமல் இருந்தானா என்று மாற்கு எழுதவில்லை, நடந்து போனார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எவ்வளவு விசுவாசம் போதும் என்று அளக்க இந்தப் பகுதியில் ஒரு படியும் மரக்காலும் கிடையாது. வைத்தியரிடம் போகாதே என்ற கட்டளையும் 26-ல் கிடையாது, அவளுக்கு நேர்ந்ததை மாற்கு சொல்கிறார், அவ்வளவுதான். அத்தை இருந்திருந்தால், உட்கார்ந்து இதை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன், அந்த ஆகாரம் கொடுக்கச் சொன்ன வரி வரைக்கும்.

அடுத்து எதை எடுக்கலாம்?

ரூத் முதல் அதிகாரம். 'திரும்பு' என்ற வினை எத்தனை முறை வருகிறது, யார் எங்கே திரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள்.

அதற்குப் பிறகு சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. ஐந்தாவது வசனத்தில் பேச்சு நம்பிக்கைக்கு மாறிவிடுகிறது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை. நோட்டில் அந்த இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டு எழுதத் தொடங்குங்கள்.